பள்ளத்தில் ஒரு புகலிடம்

வெள்ளத்துக்குத் தப்பி வருகிறவர்களை வெள்ளத்துக்குள்ளேயே உட்காரவைக்கச் சொல்கிறார்களே என்று அவளுக்குள் கொதிக்கிறது. நகராட்சிக் கூட்ட அறை மேசையில், அப்படித் தப்பி வருகிறவர்களுக்காக அவள் வரைந்த வெள்ளக்கால வரைபடம் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. போன மழையில் கழுத்தளவு தண்ணீர் நின்ற பள்ளத்தின் மேல் தலைவரின் மோதிரம் போட்ட விரல் தட்டுகிறது. "புகலிடம் இங்கதாம்மா வரணும். நம்ம மச்சான் நிலம், பேசியாச்சு." பக்கத்தில் மச்சான் பிஸ்கட்டைத் தேநீரில் நனைக்கிறார். "தண்ணி வந்தா மாடிக்கு ஏறிக்கட்டும் மேடம், காத்தாவது நல்லா வரும்." நகராட்சிப் பொறியாளர் வாய்விட்டுச் சிரிக்கிறார். படுக்கையில் கிடக்கிறவர்களை யார் தூக்கி ஏற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. "பாதுகாப்பான இடம்னு ஒரு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான்," என்று தலைவர் பேனாவை நீட்டுகிறார். அவள் கைகளை மடியில் கோத்துக்கொள்கிறாள். "நான் வைக்க மாட்டேன் சார்."