இரவல் ஃபேன் காற்று

போன தடவை ஓவர்சியர் வந்தபோது, வீடு தேடி வந்த மனுசனைப் புழுக்கத்தில் உட்கார வைப்பதா என்று, பக்கத்து வீட்டு மதலேனின் கான்கிரீட் வீட்டில் ஃபேனைப் போட்டு உட்கார வைத்தாள் சூசைமேரி. அவர் அதையே அவள் வீடென்று படம்பிடித்துப் போக, அரசாங்க வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. மனுப் போட்டு நடையாய் நடந்ததில் இன்று மறுபடி வந்திருக்கிறார். "இங்கிட்டு வாங்க சார், இதுதான் என் வீடு." குனிந்து நுழைந்தும் அவர் தலை நிலையில் இடிக்கிறது. கூரைப் பொத்தல்களில் இறங்கும் வெயில் அவர் சட்டை முழுக்கப் பொட்டு வைக்கிறது. நாற்காலியின் ஒரு கால் மண்தரையில் மெல்லப் புதைகிறது. வாசலில் மதலேன் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். "சிரிக்காதடி, ஒன் ஃபேனாலதான் என் வீடே போச்சு!" ஓவர்சியருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. போனை உயர்த்திக் கூரையைப் படமெடுக்கிறார், சுவரின் வெடிப்பை எடுக்கிறார், விரலால் தட்டித் தட்டி ஏற்றுகிறார். "திருத்திட்டேம்மா. இந்த வருசமே ஒங்களுக்கு வீடு." சூசைமேரிக்குக் கண் கலங்குகிறது, பல்லெல்லாம் தெரிகிறது. வேர்த்து வழியும் அவர் முகத்தைப் பார்த்ததும் கை தானாக அடுத்த வீட்டுப் பக்கம் நீள்கிறது. "இப்புடி வேர்க்குதே சார், செத்த நேரம் அங்கிட்டுப் போயி ஃபேனுல ஒக்காருங்க." மதலேன் ஒரே ஓட்டமாக ஓடித் தன் வீட்டுக் கதவைச் சாத்திக் குறுக்கே நிற்கிறாள். "ஒரு ஆளும் உள்ள வரக்கூடாது! அவ வீட்டுல ஃபேனு மாட்டுன பெறகு வாங்க சார், அங்கயே ஒக்காரலாம்!"