இருபத்தேழு நிமிடப் பாவம்

இருபத்தேழு நிமிடம். ஒன்பது வயதுப் பிள்ளை பங்குச் சுவாமியிடம் தன் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத் திரைக்குப் பின்னால் போய் இருபத்தேழு நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் வெளியே வரவில்லை. கோவில் வாங்குப் பலகையில் இருந்த ஜெனிற்றா போனில் மணியைப் பார்த்துப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசையில் அடுத்ததாக இருந்த மதலேனா அவள் காதோரம் குனிந்தாள்.

"என்ர அறுபது வருசப் பாவத்தை நான் மூண்டு நிமிசத்தில சொல்லி முடிக்கிறனான். உன்ர மகள் அப்பிடி என்னதான் செய்தவள்?"

ஜெனிற்றாவுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மதலேனாவுக்கு ஒரு செய்தி கிடைத்தால், அது தாழ்வுபாடு கிராமம் முழுவதும் போய்ச்சேர ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்கூட வேண்டாம்.

திரை விலகியது. மகள் றொஷேல் துள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்ன அபராதம் தந்தவர்? எத்தினை செபம் சொல்லட்டாம்?"

"ஒண்டும் தரேல்லை அம்மா. வாற சனிக்கிழமை கட்டாயம் வரட்டாம்."

ஜெனிற்றா கணக்குப் போட்டாள். அபராதம் தரவில்லை என்றால் பாவம் இன்னும் சொல்லி முடியவில்லை என்றுதானே அர்த்தம்! முதல் கிழமை ஏழு நிமிடம், அடுத்த கிழமை பதினைந்து, இன்றைக்கு இருபத்தேழு. பாவம் வளர்ந்துகொண்டல்லவா போகிறது!

எல்லாம் சிவராணி ரீச்சர் பெற்றோர் கூட்டத்தில் சொன்ன சொல்லில் தொடங்கியது. "உங்கட மகளுக்கு வகுப்புப் புத்தகம் காணாது. வீட்டில நல்ல கதைகள் வாசிக்கக் குடுங்கோ, எழுத விடுங்கோ, எழுதினதைக் கேளுங்கோ."

அன்றைக்கு ஜெனிற்றாவின் கால் நிலத்தில் படவில்லை. மன்னார் நூலகத்தில் சேர்ந்து, பை நிறையக் கதைப் புத்தகம் கொண்டுவந்தாள். ஒரு சிவப்புப் பேனையும் வாங்கினாள். அதற்குப் பிறகு அந்தப் பேனைக்கு ஓய்வே இல்லை.

போன மாதம் றொஷேல் தான் எழுதியதை வாசிக்கத் தொடங்கினாள். "மன்னாரில் ஒரு கழுதை இருந்தது. அதற்குக் கப்பல் ஏற ஆசை."

"நில்லு, நில்லு. எந்தக் கப்பல்? கழுதைக்கு ரிக்கற் ஆர் எடுத்தது? ஆசை ஏன் வந்ததெண்டு முதல் வசனத்திலயே சொல்லவேணும்."

பிள்ளை மூன்றாம் வசனத்துக்குப் போகவே இல்லை. கொப்பியை மூடிவைத்துவிட்டு வேறொரு சந்தேகம் கேட்டாள்.

"அம்மா, பாவசங்கீர்த்தனத்தில சுவாமி இடையில மறிப்பாரோ?"

"சீச்சீ, கடைசி மட்டும் பொறுமையாக் கேப்பார்."

முதன்முறையாக நற்கருணை வாங்கி முதல் நன்மை எடுக்கப் போகும் பிள்ளைக்கு வந்த பக்தியைப் பார்த்து ஜெனிற்றா அன்று பூரித்துத்தான் போனாள். இன்று அந்தப் பூரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த புருசன் வின்சன்டிடம் கொட்டித் தீர்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தப் புத்தகங்களில கள்ளன் வாறான், பேய் வருது, கொலை நடக்குது. அதுகளை வாசிச்சுத்தான் பிள்ளை கெட்டுப்போச்சு. எல்லாம் என்ர பிழை."

"எந்த நேரமும் புத்தகத்துக்குள்ள கிடக்கிற பிள்ளைக்குப் பாவம் செய்ய எங்கயடி நேரம்?" என்றான் வின்சன்ட்.

அது அவள் காதில் ஏறவில்லை. புத்தகங்களைப் பையில் அடுக்கிக் கட்டினாள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுப்பது, இனி இந்த வீட்டில் வாசிப்பும் இல்லை எழுத்தும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னாள். றொஷேல் அழவில்லை, கொப்பியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஜெனிற்றா அந்தப் பக்கம் பாராமல் பையின் முடிச்சை இறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் படலையடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பங்குச் சுவாமி! தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"அம்மா, எனக்கு மாற்றம் வந்திட்டுது. நாளைக்குக் காலமை நானாட்டான் கோவிலுக்குப் போறன்."

ஜெனிற்றாவுக்குப் பகீர் என்றது. பிள்ளையின் பாவத்தைக் கேட்டே மனிதர் ஊரை விட்டு ஓடுகிறாரோ!

"சுவாமி, என்ர பிள்ளை அப்பிடி என்ன பாவம் செய்தவள்? எனக்கு மட்டும் சொல்லுங்கோ."

"ஆரின்ர பாவத்தையும் நான் வெளியில சொல்ல ஏலாது, அம்மா." சுவாமியின் கண் வாசலில் கிடந்த பையில் விழுந்தது. "இதென்ன மூட்டை?"

"கதைப் புத்தகங்கள். எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கப் போறன். இனி அவள் வாசிக்கவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள்."

"ஐயையோ, அந்த வேலை மட்டும் செய்து போடாதேங்கோ!"

அவர் போட்ட சத்தத்தில், காயப்போட்டிருந்த கருவாட்டைச் சுற்றி நின்ற காகங்களெல்லாம் எழும்பிப் பறந்தன. றொஷேல் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் அதே கொப்பி.

சுவாமி அவள் முன்னால் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார்.

"கெதியாச் சொல்லு பிள்ளை, அந்தக் கழுதை கப்பல் ஏறினதோ, இல்லையோ?"