மூக்கு திறந்த நாள்

அறை வாசலிலேயே அவள் நின்றுவிட்டாள்.

உள்ளே கட்டிலில் மாமனார். வாதம் வந்து மூன்று வருடம். வலப்பக்கம் அசையாது. பேச்சும் போய்விட்டது. கண்ணும் காதும் மட்டும் கூர்மை.

இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்.

புண் வந்த புதிதில் மூத்த மருமகள் சுலோசனா சமையலறையில் வைத்துச் சொன்னாள்: "தவமணிக்குத்தான் நாத்தமே தெரியாதே. அவளே பாத்துக்கட்டும்."

தெரியாதுதான். தவமணிக்கு மூக்கின் இரண்டு பக்கமும் சதை வளர்ந்து அடைத்திருந்தது. வாயால்தான் மூச்சு. பால் தீய்ந்தால்கூடப் புகையைப் பார்த்தால்தான் தெரியும்.

பெரியவருக்கு இது தெரியாது.

மற்றவர்கள் துணியால் முகத்தை மூடிக்கொண்டு வாசலோடு போய்விடுவார்கள். இவள் மட்டும் வெறும் முகத்தோடு குனிந்து சீழைத் துடைப்பாள், கட்டு மாற்றுவாள். முடித்ததும் அவர் இடக்கையால் அவள் தலையைத் தொடுவார். பெற்ற பிள்ளைகளைக்கூட அப்படித் தொட்டதில்லை.

மூச்சு முட்டித் தூக்கம் கெட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஸ்ப்ரேக்கும் மாத்திரைக்கும் அடங்கவில்லை. குழாய் விட்டு எடுத்தார்கள். உரித்த திராட்சை போல இருந்தது சதை.

"மறுபடி வளரும்மா. தினம் உப்புத்தண்ணி விட்டுக் கழுவணும். ஸ்ப்ரேய நிறுத்திடக் கூடாது" என்றார் டாக்டர்.

மூன்று வாரம் அம்மா வீட்டில் இருந்தாள். ஒருநாள் காலையில் காப்பி மணந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இன்றுதான் திரும்பியிருக்கிறாள்.

மூன்று வாரமாகப் புண்ணை யாரும் ஒழுங்காகக் கட்டவில்லை.

அவளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. இடக்கையைத் தூக்கினார்.

ஓர் அடிதான் வைத்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள்.

வாந்தி எடுக்கும் சத்தம் அறைவரை கேட்டது.

சுலோசனா சிரித்தாள். "தொறந்துருச்சா மூக்கு? இத்தன நாளும் தெரியாமத்தான மாமாவுக்குப் பண்ணிக்கிட்டிருந்தே."

அதுவும் அறைவரை கேட்டது.

தவமணி வாய் கொப்பளித்தாள். முகம் கழுவினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கட்டிலருகே போனாள்.

"மாமா. நாந்தான்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. போர்வையை இழுத்து, இடுப்போடு சேர்த்து இடக்கையால் இறுக்கிப் பிடித்திருந்தார்.

புண்ணைக் கட்டியாக வேண்டும்.

அந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.