திருத்தம் தேவையில்லை

'அருமை. ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டாம்.' தன் கட்டுரையின் அடியில் பக்கத்து இருக்கைப் பையன் நொட்டை எழுதியிருந்ததைப் படித்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வேறு யாராவது எழுதியிருந்தால் சரிதான் என்று மடித்து வைத்திருப்பாள். இவன் என்ன லேசுப்பட்டவனா? பள்ளிக்கூட மணி சுருதி சேரவில்லை என்று சொன்னவன். பாடப்புத்தகத்தின் முன்னுரையிலேயே நொட்டை சொன்னவன். பெயரே அதனால்தான் ஒட்டிக்கொண்டது. அவன் வாயாலேயே பாராட்டு வாங்கியாயிற்று, இனி என்ன வேண்டும்?

தமிழாசிரியை ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து வகுப்பில் இந்தப் புதுமுறைதான். பக்கத்தில் இருப்பவரோடு கட்டுரையை மாற்றிக்கொண்டு, படித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதன்படி திருத்தி மறுபடி எழுத வேண்டும். பிள்ளைகள் ஒருவரையொருவர் செதுக்குகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் பெருமை பேசிவிட்டு, ஆசிரியை நிம்மதியாக வார இதழைப் பிரித்துக்கொள்வார்.

இந்தத் தடவை செதுக்கலில் ஒரு சிக்கல். பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு வகுப்பிலிருந்து ஒரே ஒரு கட்டுரைதான் போகும்.

அவள் வீட்டு அலமாரியில் இருக்கும் கோப்பைகள் அத்தனையும் அக்காவுடையவை. வருகிறவர்களுக்கெல்லாம் அவற்றைக் காட்டிவிட்டு, சின்னவளும் நல்லாத்தான் படிக்கிறாள் என்று அப்பா ஒப்புக்குச் சொல்லிவைப்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். தன் பெயர் போட்ட ஒரு கோப்பை அந்த அலமாரியில் ஏறியே ஆக வேண்டும்.

தலைப்பு, மறக்க முடியாத மழை. அவள் வானமகளை அழ வைத்து, மேகத் தேரில் ஏற்றி, இயற்கை அன்னையின் மடியில் கிடத்தி, மூன்று பக்கம் வெளுத்து வாங்கியிருந்தாள். நொட்டையும் சளைக்கவில்லை, அவன் பங்குக்கு இரண்டு பக்கம் வானமகளைப் பிழிந்து எடுத்திருந்தான். கடைசியில்தான், போனால் போகிறது என்று, கூரை ஒழுகியபோது அவன் அப்பா தான் நனைந்துகொண்டு தையல் மெஷினுக்குக் குடை பிடித்ததை நாலு வரியில் சேர்த்திருந்தான்.

அவளுக்கு மூளை சட்டென்று வேலை செய்தது. வானமகளும் மேகத் தேரும் இல்லாவிட்டால் கட்டுரையை எவர் சீந்துவார்? அத்தனையையும் வெட்டச் சொல்லிவிட்டால் பயல் காலி.

"இந்த வர்ணனை எல்லாம் எதுக்குடா? தூக்கிடு," என்றாள், ரொம்ப அக்கறையாக. "உங்க அப்பா குடை பிடிச்சாரே, அதை மட்டும் எழுது. அவர் என்ன சொன்னார், நீ என்ன பண்ணினே, அதெல்லாம் எழுது."

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு மளமளவென்று வெட்ட ஆரம்பித்தான். அவள் தன் கட்டுரையை அப்படியே அழகான கையெழுத்தில் பிரதி எடுத்து, ஓரத்தில் ஒரு பூவும் வரைந்து கொடுத்தாள்.

அடுத்த வாரம் ஆசிரியை ஒரு கட்டுரையை வகுப்பில் வாசித்தார். 'நான் நனைஞ்சா காய்ஞ்சிடுவேன்டா, இது நனைஞ்சா துருப்பிடிச்சிடும்' என்று அப்பா சொன்ன இடம் வந்ததும் அவர் குரல் கம்மியது. போட்டிக்கு இதுதான் போகிறது என்று சொல்லி நொட்டையின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"நடை உனக்குத்தான்மா நல்லா வருது. அந்த வர்ணனையைக் குறைச்சுத் திருத்தி எழுதியிருந்தா உன்னைத்தான் அனுப்பியிருப்பேன். ஏன் ஒரு வரியைக்கூடத் தொடலை?"

அழுதுவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தால், வராந்தாவில் நொட்டை பல்லெல்லாம் தெரிய நிற்கிறான். எல்லாம் அவளால்தான் என்றான். அவள் சொன்னபடி வெட்டியதால்தான் இவ்வளவும் என்றான். அவன் நன்றி சொன்னதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.

"நன்றியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உன்னைக் கவுக்கத்தான்டா நான் வெட்டச் சொன்னேன்."

நொட்டை வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தான். அப்புறம் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அட, நானும் அதுக்குத்தானே உன்னைப் பாராட்டினேன்."