இந்த ஒரு ஆட்டம்

வாரமெல்லாம் குடோனில் மூட்டை தூக்கிவிட்டு, ஞாயிறானால் கால்பந்து லீக் ஆட்டத்தில் ஓடும் அமலனின் வலது முழங்கால், சீசனின் முதல் ஆட்டத்திலேயே அலறியது. வலி போக்கும் ஸ்பிரே ஓடி வந்து அதைக் குளிரக் குளிர அணைத்துக்கொண்டது.

"இந்த ஒரு ஆட்டம் மட்டும் பொறுத்துக்கோடா."

அடுத்த ஞாயிறும் ஸ்பிரே அதையேதான் சொன்னது. அதற்கடுத்த ஞாயிறும். நம்மை விசாரிக்க இதாவது இருக்கிறதே என்று முழங்கால் உருகிப்போனது.

இறுதி ஆட்டத்தில் முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. அமலனை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். ஸ்பிரே வருவதைப் பார்த்து, "வந்துட்டியா அண்ணே?" என்றது முழங்கால்.

ஸ்பிரே நிற்கவில்லை. அமலனுக்குப் பதிலாக இறங்கக் காத்திருந்தவனின் வீங்கிய முழங்காலைக் குளிரக் குளிர அணைத்துக்கொண்டது.

"இந்த ஒரு ஆட்டம் மட்டும் பொறுத்துக்கோடா."