விவரமான அம்மா

"உங்களை மாதிரி விவரமான அம்மாவை நான் பார்த்ததே இல்லைங்க" என்றார் டாக்டர் அந்தோணிராஜ்.

பனியன் நகரத்து ராயபுரத்தில் அவருடைய கிளினிக். எதிரே ரங்காத்தாள். மடியில் ஆறு வயது மகள் தேஜஸ்ரீ துவண்டு கிடந்தாள். குடித்த தண்ணீர்கூட அப்படியே திரும்பி வந்துவிடும். உணவுக்குழாயின் அடிவாய் திறக்காத அபூர்வ நோய் என்று எக்ஸ்ரே சொல்லிவிட்டது.

சென்னையில் தேதி கிடைத்துவிட்டது, ரோபோ ஆபரேஷன் என்றார் டாக்டர். சர்ஜன் தள்ளி உட்கார்ந்து ஓட்டுவார், மெஷினின் கை உள்ளே போய் அந்த இறுக்கத்தை வெட்டி விடும், அடுத்த மாதம் பாப்பா இட்லி சாப்பிடுவாள்.

"எம்புள்ள பொழைச்சுக்குவாளுங்களா சாமி?"

"நிச்சயமா. வாந்தி ஆரம்பிச்ச மூணே வாரத்துல கூட்டிட்டு வந்துட்டீங்களே."

சொல்லும்போதே அவருக்கு ஆற்றாமை பொங்கியது. வேலம்பாளையத்தில் ஒரு பையனுக்கும் இதே நோய்தான். அம்மா பனியன் கம்பெனியில் தைக்கிறவள். எட்டு மாதமாகத் தொக்கம் எடுக்க அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். தொண்டையில் சிக்கியதை எடுக்கிறேன் என்று வயிற்றை நீவி, வாயில் ஊதி, ஒரு சோற்றுப் பருக்கையைக் காட்டி ஏமாற்றும் பிழைப்பு! பையன் எலும்பும் தோலுமாகிவிட்டான். மயக்க மருந்தைத் தாங்கமாட்டான் என்று சென்னையில் கைவிரித்துவிட்டார்கள்.

"உங்களுக்குத் தொக்கம்னு தோணவே இல்லையா?"

"இல்லீங்க" என்றாள் ரங்காத்தாள், தரையைப் பார்த்தபடி.

என்ன வேலை என்று கேட்டார். ஊட்டோடதானுங்க, கைவேலை என்று முனகினாள். பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவள் போலிருக்கிறது, படிக்காவிட்டாலும் என்ன தெளிவு என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, சித்ராதேவி வந்திருப்பதாகச் சொன்னாள்.

"எட்டு மாசம் தொக்கம்னு அலைஞ்ச ஒரு பையனோட அம்மா. வரச் சொல்லு. நீங்களே அவங்களுக்கு ஒரு வார்த்தை புத்தி சொல்லுங்கம்மா."

ரங்காத்தாள் அவசரமாக எழுந்தாள். முந்தானையை இழுத்து முகத்தை மறைப்பதற்குள், மகனைத் தோளில் போட்டபடி சித்ராதேவி உள்ளே வந்துவிட்டாள். ரங்காத்தாளைப் பார்த்தாள். தேஜஸ்ரீயைப் பார்த்தாள். மேஜையில் கிடந்த எக்ஸ்ரேயையும் பார்த்தாள். அவள் கத்தவில்லை.

"அக்கா, எட்டு மாசமா எம்மகன் தொண்டையில இருந்து பருக்கை பருக்கையா எடுத்துக் காட்டுனீகளே. ஒங்க மகளுக்கு ஒரு தடவகூட எடுத்துப் பாக்கலையா?"