போர்க்கப்பலில் ஒரே ஒரு மாலுமி

இருநூறு பேர் பார்த்த வேலையைக் கப்பல் இப்போது தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் ஆளில்லாத கப்பல் மூழ்கினால் மக்கள் அழுவதில்லை. அதனால் ஒரே ஒரு மாலுமியை மட்டும் ஏற்றி அனுப்புகிறார்கள். இந்த ஆறு மாதமும் அவர் இசக்கியப்பன். பித்தளை மணியைத் துலக்குவார், காலையில் கொடிக்குத் தனியாக சல்யூட் அடிப்பார்.

கடைசி வாரத்தில் மனைவி மாரிச்செல்வி போன் செய்தாள்.

“ஏங்க, நம்ம தெருமுக்குல ஒங்க சிலைய நிறுத்திருக்காவ. மீச நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு எதுக்கு வெள்ளச் சேல குடுத்துட்டுப் போறாவ?”

இசக்கியப்பன் பதறிப்போய்த் தலைமையகத்தைக் கூப்பிட்டார். “ஐயா, ஞாயித்துக்கெழம நான் கரைக்கு வாரேன். இன்னும் சாவலயே!”

“தெரியும்பா,” என்றார் அட்மிரல் வாஞ்சையோடு. “ஆனா சிலையைத் திறக்க மந்திரி வெள்ளிக்கிழமைக்கே தேதி கொடுத்துட்டாரே.”

கப்பல் தானாகவே எதிரியின் எல்லைப் பக்கம் திரும்பியது.